மறுபக்கத்துத் தாழ்ப்பாள்

சிறையிலிருந்து வெளியே வந்த நாள் முதல், ஆமாக்கா கதவின் எந்தப் பக்கம் நின்றாலும் தாழ்ப்பாள் அதன் மறுபக்கத்தில் இருந்தது. அவள் அறைக்குள் இருந்தால் தாழ்ப்பாள் வெளியே. அவள் வெளியே வந்து நின்றால் தாழ்ப்பாள் உள்ளே. தேக்குக் கதவானாலும் தகரக் கதவானாலும் குளியலறையின் பிளாஸ்டிக் கதவானாலும் இதே கதைதான். வெங்காயம் விலை எகிறிக் கிடந்த வருடம் அது. பிரேக்கை மாற்றியும் வேன் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தை முதலில் கவனித்த வேன்காரம்மாவுக்கு ஆச்சரியம் என்று எதுவும் வரவில்லை. இருக்கிற தலைவலி போதாதென்று இன்னொன்றா என்றுதான் தோன்றியது.

வேன்காரம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பெண்கள் சிறையின் வாசல் வரும். விடுதலையாகும் பெண்களைக் காலையில்தான் வெளியே விடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார்கள். ஒரு நாள் மழை பெய்தது, பாவம் என்று ஒருத்தியை ஏற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் ஆரம்பம். விஷயம் தெரிந்து பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, வேன் சிறை வாசலுக்கென்றே ஆகிவிட்டது. இருக்கைகள் மட்டும் பழையபடி பிள்ளைகளுக்கானவை. கொலைக் கேஸில் உள்ளே போனவளும் திருட்டுக் கேஸில் உள்ளே போனவளும் முழங்காலில் மோவாய் இடிக்க அந்தக் குட்டி இருக்கைகளில் உட்கார்ந்துதான் ஊருக்குள் திரும்பினார்கள். மூடிப்போன ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். அறைகளின் மேல் ‘ஊசி போடும் இடம்’, ‘கண் பரிசோதனை’ என்ற எழுத்துகள் இன்னும் அழியவில்லை. அங்கே தங்கவைத்து, அடையாள அட்டை வாங்கிக் கொடுத்து, வேலை தேடிக் கொடுத்து, முகம் கொடுத்துப் பேசாத சொந்தக்காரர்கள் வாசலில் போய் நின்று கெஞ்சி, ஒருத்தியைக் கரையேற்றுவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். கரையேறியவர்கள் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரி போய்விடுவார்கள். அதுதான் நல்ல அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு வலிக்கும். சில பேர் திரும்ப உள்ளேயே போய்விட்டார்கள். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது, புருஷன் அவளிடம் பேசுவதை ரேஷன் மாதிரி அளந்து பேச ஆரம்பித்துவிட்டான். அவளுக்கு அலுத்துவிட்டது. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

அதிசயங்கள் அவளுக்குப் புதிதும் அல்ல. முன்பு ஒருத்தி வந்தாள். கண்ணாடியில் அவள் முகம் அரை நாள் தாமதமாகத்தான் வரும். காலையில் வாரிய தலை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் தெரியும். உள்ளே கண்ணாடியே பார்க்காமல் இருந்ததில் கண்ணாடிகளுக்கு அவளைப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு வருடத்தில் சரியாகிவிட்டது. இன்னொருத்தியின் பேச்சு வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் மற்றவர் காதில் விழும். நாலு பேர் கூடிப் பேசினால் அவள் சொன்ன பதில் எல்லாரும் எழுந்து போன பிறகு காலி அறையில் கேட்கும். அவளும் கல்யாணம் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். புருஷன் பொறுமைசாலி.

ஆமாக்கா என்ற பெயர் சிறையில் வந்தது. நாலு கேள்வி கேட்டால் மூன்றுக்கு அவள் பதில் அதுதான். கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னாள். அவள் புருஷன் லாரி மெக்கானிக். குடிக்காத நாளில் வாய் திறக்கமாட்டான், குடித்த நாளில் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடி தாங்காமல் நாலு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், அவன் துரத்தி வராமலிருக்கக் கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் நடந்துபோய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் அவன் பற்றவைத்த சிகரெட் பஞ்சு மெத்தையில் விழுந்தது. அவள் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். தாழ்ப்பாள் போட்டது நீதானா என்று கேட்டார்கள். ஆமா என்றாள். அவன் உள்ளே இருந்தது தெரியுமா என்று கேட்டார்கள். ஆமா என்றாள். அடிபட்டதைச் சொல்லு, பயந்ததைச் சொல்லு என்று வக்கீல் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவள் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. பத்து வருடம் போட்டார்கள்.

மருத்துவமனை வீட்டுக்கு வந்த அன்றைக்குக் குளிக்கப் போனவள் சாயங்காலம் வரை திரும்பவில்லை. வேன்காரம்மா போய்ப் பார்த்தால் குளியலறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. வெளியே ஒரு தாழ்ப்பாளைக் கண்ட யாரோ போகிற போக்கில் அதை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திறந்தால், ஈரத்தலை காய்ந்துபோய், கவிழ்த்த வாளிமேல் ஆமாக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏம்மா, தட்டக் கூடாதா?” என்றாள் வேன்காரம்மா.

“தட்டலாமாம்மா?” என்று கேட்டாள் ஆமாக்கா.

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவள் இருந்த இடத்தில் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. மறுநாள் தச்சர் வந்து தாழ்ப்பாளைக் கழற்றி உட்பக்கம் பொருத்தினார். ஆமாக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அது வெளிப்பக்கம் இருந்தது, திருகாணிகூடத் தளராமல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம் போய் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. தச்சர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். “என் வேலையில குறை இல்லம்மா, கதவுலயும் குறை இல்ல. அந்தம்மா பக்கம் நிக்கிறதுக்கு அதுக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டுப் பாதிக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

வேலை தேடுவதற்குள் வேன்காரம்மாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் ஒரு சலவைக்கூடம். துணி காயவைக்கும் சூட்டறைக்குள் ஆமாக்காவோடு மூன்று பேர் இருந்தபோது வெளியே போன யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட, நாலு பேரும் வெந்த முகத்தோடு வெளியே வந்தார்கள். முதலாளி நல்ல மனுஷர், ஒரு வாரக் கூலியோடு அனுப்பிவைத்தார். அப்புறம் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை. யார் வேண்டுமானாலும் வெளியே நின்று பூட்டிவிடக்கூடிய அறைக்குள் தனியாகப் போக அவளுக்கே மனம் வராமல் இரண்டாம் நாள் நின்றுவிட்டாள். கதவே இல்லாத வேலையாக ஒன்று சொல்லுங்கள் என்று வேன்காரம்மா ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தாள். கடைசியில் ஊர் ஓரத்தில் ஒரு செடி நர்சரி கிடைத்தது. பச்சை வலைக் கூரை, நாலு பக்கமும் திறந்தவெளி. அங்கே ஆமாக்கா பைகளில் மண் நிரப்பினாள், தண்ணீர் ஊற்றினாள், தொட்டிகளை வரிசை மாற்றி அடுக்கினாள். செடிகள் சாதாரணமாகத்தான் வளர்ந்தன.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், மகள். அந்தப் பெண் பத்து வருடமாக மாமா வீட்டில், அதாவது ஆமாக்காவின் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். அண்ணன் மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவு. அவனுக்குத் தொலைவில் வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. பள்ளி ஆண்டு முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள், அதற்குள் பெண் இங்கேயா அங்கேயா என்று முடிவாக வேண்டும். போய்விட்டால் போனதுதான் என்று ஆமாக்காவுக்குத் தெரியும். அண்ணன், “அவ சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றான். அண்ணியும் கெட்டவள் அல்ல, பத்து வருடம் முகம் சுளிக்காமல் சோறு போட்டவள். ஆனால் சின்ன வயதில் பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம், “உங்கம்மா வந்து உன்னையும் உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போட்டுருவா,” என்று சொல்லி ஊட்டினாள். பிள்ளை சோற்றோடு சேர்த்து அந்தச் சொல்லையும் விழுங்கிவிட்டது. பதினாலு வயதிலும் அவள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கமாட்டாள். குளிக்கும்போது கதவை ஒருக்களித்து வைத்து வாளியை முட்டுக்கொடுப்பாள். பரீட்சை எழுதக் கதவோரப் பெஞ்சுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

வேன்காரம்மா ஒரு தப்புச் செய்தாள். தாழ்ப்பாள் விஷயத்தை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. முதலில் அம்மாவும் பெண்ணும் முகம் பார்க்கட்டும், மற்றதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரு விடுமுறை நாளில் ஆமாக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அண்ணி டீ கொண்டுவந்தாள். மகள் வழக்கம்போல் திறந்த வாசற்கதவோரம் நின்றுகொண்டு, அம்மாவின் காலை மட்டும் பார்த்தாள். அப்போது காற்று அடித்தது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் போயிருந்த கொண்டி அந்த வேகத்தில் தானாகவே போய் மாட்டிக்கொண்டது. மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கதவை நகத்தால் பிறாண்டினாள், ஒரு நகம் பெயர்ந்துவிட்டது. ஆமாக்கா ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவைத் தடவினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள், நடுவில் தேடினாள். வெறும் மரம். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து திறந்துவிட்டார்.

பெண்ணின் விரலில் துணி சுற்றிக்கொண்டே அண்ணி சொன்னாள், “இவ வந்து அரை மணி நேரம் ஆகல. மறுபடியும் கதவு பூட்டிக்கிச்சு பாருங்க. போதும்மா. எங்க பொண்ணை விட்டுடுங்க.”

திரும்பும்போது வேன் இடது பக்கமாகவே இழுத்தது. பின்னால் குட்டி இருக்கையில் ஆமாக்கா உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. விட்டுடுவோமா?” என்று கேட்டாள் வேன்காரம்மா.

“ஆமா.”

“எதைக் கேட்டாலும் ஆமாவா? ஒரு தடவையாவது இல்லன்னு சொல்லித் தொலையேன்.”

சிக்னலில் வண்டி நின்றபோது வேன்காரம்மாவுக்கு அழுகை வந்தது. ஆமாக்காவுக்காக அல்ல, தனக்காகத்தான் அழுதாள். எத்தனை வாசல், எத்தனை முகம், எத்தனை தடவை இதே பேச்சு. மாசக் கடைசியில் கட்டடத்தைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று அன்றைக்குப் புருஷனிடம் சொன்னாள். “இதையும் சொல்லிட்டேதான் இருக்க,” என்று அவன் அளந்து பேசினான். ஆனால் இந்தத் தடவை அவள் நிஜமாகத்தான் சொன்னாள். வீட்டுக்காரருக்குப் போன்கூடப் பண்ணிவிட்டாள்.

மாசக் கடைசிக்குச் சில நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், சீருடையோடு அந்தப் பெண் மருத்துவமனை வீட்டு வாசலில் வந்து நின்றாள். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தாள். விரலில் புது நகம் முளைக்கத் தொடங்கியிருந்தது.

“ஆன்ட்டி, எனக்கு ஒண்ணு பார்க்கணும். அம்மா இருக்காங்களா?”

“இருக்கா. என்ன பார்க்கணும்?”

“அன்னிக்கு அம்மா கதவு பூராவும் கையால தேடுனாங்க. பூட்டுறவங்க அப்படித் தேடமாட்டாங்க ஆன்ட்டி.”

வேன்காரம்மா அப்போதுதான் தாழ்ப்பாள் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெண் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு, நர்சரியிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டாள். ‘கண் பரிசோதனை’ அறையில் ஆரம்பித்தது. முதலில் அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு இவள் வெளியே நின்றாள். தாழ்ப்பாள் இவள் பக்கம். அப்புறம் இவள் உள்ளே போய், அம்மாவை வெளியே நிற்கச் சொல்லி, கதவை ஒரு ஜாண் சாத்திப் பார்த்தாள். தாழ்ப்பாள் இவள் பக்கம். இன்னும் ஒரு ஜாண் சாத்தினாள். அப்போதும் இவள் பக்கம். சமையலறைக் கதவு, ஊசி போடும் இடத்துக் கதவு, கொல்லைக் கதவு என்று வீட்டில் இருந்த ஒன்றையும் விடவில்லை. அம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் சொன்ன பக்கமெல்லாம் போய் நின்றாள். மற்றப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள், வேன்காரம்மா அவர்களை அதட்டி அனுப்பினாள். கடைசியில் மறுபடியும் கண் பரிசோதனை அறைக்கே வந்தார்கள். அம்மா உள்ளே நின்றாள். பெண் வாசலில் நின்றாள்.

“உன்னால யாரையாவது உள்ள வெச்சுப் பூட்ட முடியுமாம்மா?”

“முடியாது.”

“எந்தக் கதவுலயும்?”

“எந்தக் கதவுலயும் முடியாது.”

“அன்னிக்கு?”

“அன்னிக்குத் தாழ்ப்பாள் என் பக்கம் இருந்துச்சு,” என்றாள் ஆமாக்கா.

பெண் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

வேன்காரம்மா பாதி எழுந்துவிட்டாள். முழங்கால் வலித்தது. அது மட்டும் காரணம் இல்லை, இது தன் கையை மீறிய விஷயம் என்று பட்டது. பழையபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பெண் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் நடையைத் தாண்டிச் சுவரில் ஏறியது. யாரோ வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டியது. வெகுநேரம் கழித்து அவள் திரும்பாமலேயே கதவிடம் கேட்டாள்.

“அப்பா தட்டுனாரா?”

“ஆமா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நீ கேட்டியா?”

“ஆமா. நான் தாழ்ப்பாள் போட்டதுமே தட்ட ஆரம்பிச்சாரு. தொறந்தா கொன்னுடுவார்னு நெனச்சேன். உன்னைத் தூக்கிட்டு நடந்துட்டேன். தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. கோவத்துல தட்டுனாரா, தீயைப் பார்த்துத் தட்டுனாரா, எனக்கு இன்னும் தெரியல.”

கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பாள்.

“எனக்கும் கேட்டுச்சும்மா,” என்றாள் பெண். “அந்தச் சத்தம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. அத்தைகிட்டகூடச் சொன்னதில்ல.”

பெண் எழுந்து கதவைப் பார்த்து நின்றாள்.

“இப்ப நீ தட்டு.”

“என்னது?”

“உள்ள இருந்து தட்டு. தட்டுனா நான் தொறப்பேன்.”

உடனே தட்டவில்லை. பத்து வருடமும் அதற்கு முந்தின ஒரு மத்தியானமும் அந்தக் கைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தன. அப்புறம், ஒற்றை விரல் நுனியால், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. பெண் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

பள்ளி ஆண்டு முடிந்ததும் அண்ணன் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. அண்ணி பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள், தான் சின்ன வயதில் சொன்னதை மறந்துவிடு என்றாள். ஆமாக்காவிடம், “கதவைப் பார்த்துக்கோ,” என்று மட்டும் சொன்னாள். அம்மாவும் பெண்ணும் நர்சரிக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியேறினார்கள். ராத்திரி இருவரும் உள்ளே படுத்தால் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கும், அதற்கு என்ன செய்ய முடியும். ஒரு பெரிய மண்தொட்டியை உருட்டி வந்து கதவுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்தார்கள். வெளித் தாழ்ப்பாளை அக்கம்பக்கத்தில் யாரும் தொடுவதில்லை. ஏனென்றால் அந்தத் தெருவில் குழந்தை எதுவும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டால் ஆமாக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, வெளிச்சத்துக்கு வைத்த ஜன்னல் வழியாக அவள் உடம்பைப் பாதி உள்ளே விட்டால் போதும், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வந்துவிடும். தீயணைப்பு வண்டியைவிட இது சீக்கிரம்.

கட்டடத்தை வேன்காரம்மா காலி செய்யவில்லை. வீட்டுக்காரர் போனில் கேட்டபோது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாள். அந்த மாசமே மழையில் நனையாத ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அடையாள அட்டை வாங்க அலைந்ததில் மற்றதெல்லாம் மறந்துபோனது. அலுப்பு மட்டும் அப்படியேதான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம், முழங்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமென்று ஆமாக்கா வீட்டில் இறங்கினாள். பெண் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆமாக்கா குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு சாத்தினால் நிற்காது என்பதால் பெண்தான் வெளியே தாழ்ப்பாள் போட்டுவைத்திருந்தாள்.

வேன்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விரல் நுனியால் அல்ல, உள்ளங்கையால். வாடகை கேட்க வந்தவர் தட்டுவது மாதிரி, கதவு அதிர.

“இரும்மா, ஒரு கணக்கு பாக்கி இருக்கு,” என்றாள் பெண்.

கதவு இன்னும் பலமாக அதிர்ந்தது. வேன்காரம்மா கையை ஊன்றி எழப் போனாள்.

“நீங்க உட்காருங்க ஆன்ட்டி,” என்று பெண் அவள் தோளை அமுக்கினாள். “அம்மா தட்டட்டும்.”

கணக்கை முடித்து, விடையைச் சரிபார்த்து, ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, அப்புறம் எழுந்துபோய்த் திறந்தாள்.